நாவல்கொட்டைப் பொடியும் பத்து மணி நடுக்கமும்

கேள்வி: என் கணவருக்கு வயது 53. ஆறு வருடமாகச் சுகர். காலையில் கிளிமிப்பிரைடு 1 மி.கி., காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மி.கி. சாப்பிடுகிறார். நாவல்பழத்தை விடக் கொட்டையில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம், சுகருக்குக் கைகண்ட மருந்து என்று நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். ராசப்ப செட்டித் தெருவில் பொடி வாங்கி வந்தோம். மூன்று வாரமாகக் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில், பெரிய ஸ்பூனில் குவித்து எடுத்து வெந்நீரில் கலந்து குடிக்கிறார். குடித்தால் பசிப்பதில்லை என்று, ஏழு மணிக்கு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். டிபன் பதினொரு மணிக்குத்தான். ராத்திரி மாத்திரையை அவராகவே விட்டுவிட்டார். சாப்பாட்டையும் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டார். வெறும் வயிற்றில் 164 இருந்த சுகர் இப்போது 138. நடுவில் இரண்டு நாள் பத்து மணிவாக்கில் கை நடுங்கிச் சட்டை நனைய வியர்த்ததாம். வெயில்தான் என்று நினைத்தோம்.

எனக்கு வயது 46, ஹீமோகுளோபின் 9.2. போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை) 6.0 வந்து, பார்டரில் இருக்கிறது என்றார்கள். அதனால் நானும் மதியச் சாப்பாடு முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரு ஸ்பூன் பொடி போட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் தின்று போட்ட கொட்டை ஒரு கிலோவுக்கு மேல் மொட்டைமாடியில் காய்கிறது. அதை வீட்டிலேயே பொடிக்கலாமா? மாத்திரையை அடியோடு விட்டுவிடலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றை அப்புறம் பார்க்கலாம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பத்து மணிக்குக் கை நடுங்கி வியர்த்தது என்று, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. சென்னை வெயிலில் யாருக்கும் வியர்க்கும்தான். ஆனால் கிளிமிப்பிரைடு சாப்பிடுகிறவருக்கு, டிபன் சாப்பிடாத காலையில், கை நடுக்கத்தோடு வியர்த்தால் அதை முதலில் லோ சுகர் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளிமிப்பிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஏழு மணிக்குப் போட்டால் ஒன்பது, பத்து மணிக்கு அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் நாலு இட்லியாவது இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது இருந்தது துவர்ப்புத் தண்ணீர் மட்டும். பொடியே சுகரை அந்த அளவுக்கு இறக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொடி பசியை அடக்கியது, டிபன் நாலு மணி நேரம் தள்ளிப்போனது, மாத்திரை தன் போக்கில் வேலை செய்தது. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவர் நிறுத்தியது மெட்ஃபார்மினை. தனியாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் லோ சுகர் கொண்டுவராத மாத்திரை அது. கொண்டுவரக்கூடிய மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நாளைக் காலையிலிருந்தே வெறும் வயிற்றுப் பொடியை நிறுத்திவிடுங்கள். காலை மாத்திரை டிபன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தட்டு வராமல் மாத்திரை வேண்டாம். மறுபடி நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் அதைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. அதற்கப்புறம் ஒழுங்கான சாப்பாடு. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் கடையில் தனியாக உட்காருகிறவரானால் கல்லாப்பெட்டியில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். பொடி குடித்தது, ராத்திரி மாத்திரையை விட்டது, இரண்டு நாள் நடுங்கியது, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பொடி விஷயத்தை மட்டும் விழுங்கிவிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தெரியாமல் போனால் அந்த 138-ஐ வைத்துத்தான் அவர் அடுத்த மாத்திரையை எழுதுவார்.

அந்த 138 பற்றி. அது நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பெருமையில் பெரும் பங்கு ராத்திரி இரண்டு தோசைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். முன்பு எவ்வளவு சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்திக்கொண்டார் என்று எழுதியதிலிருந்து கூடுதலாகத்தான் இருந்திருக்கும் என்று புரிகிறது. பயத்திலோ ஆசையிலோ, அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். அதை விடவேண்டாம், கூட ஒரு கிண்ணம் சாம்பாரோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சுகர் உங்கள் கடிதத்தில் இல்லை. அது இல்லாமல் வெறும் வயிற்று எண் ஒன்றை வைத்துக்கொண்டு மாத்திரை விஷயத்தில் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மாத்திரையை அடியோடு விடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது.

இனி வீடியோவுக்கு வருவோம். கொட்டையில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்று அதில் சொன்னது உண்மை. நாக்கை ஊதாவாக்குகிற சாயம் ஆந்தோசயனின். அது தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. கொட்டைக்குள் இருப்பவை காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், இவை சர்க்கரையோடு பின்னிக்கொண்டு உண்டாகும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள். எடைக்கு எடை பார்த்தால் கொட்டைதான் சதையை முந்தும். நாவலும் கிராம்பும் ஒரே பேரினம், சைசீஜியம். அந்தக் குடும்பமே இப்படிப்பட்ட காரமும் துவர்ப்புமான சரக்கைச் சேர்த்து வைக்கிற குடும்பம். விதையைப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் காப்பதற்கு மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

இன்று சாயங்காலம் ஒரு பச்சைக் கொட்டையைக் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே பருப்பு இளம்பச்சையாக இருக்கும். அப்படியே தட்டில் வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்துவிட்டு வந்தால் வெட்டிய இடம் பழுப்பேறியிருக்கும். வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, அந்தக் கறுப்பும் இதே வகைதான். காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் வந்து தாக்கும்போது இந்தப் பொருள்கள் முன்னால் போய்த் தங்களைக் கொடுத்துவிடுகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆறு மாதம் டப்பாவில் கிடந்து காபிப்பொடி நிறத்துக்குப் போன பொடியில் அந்தச் சரக்கு எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதையும் இதிலிருந்து யோசித்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் இதை அளக்கிற விதத்தைப் படிக்கும் காலத்தில் பார்த்திருக்கிறேன். டிபிபிஎச் என்று ஒரு ரசாயனம். மெத்தனாலில் கரைத்தால் நல்ல கத்தரிப்பூ நிறம். அதில் நாவல்கொட்டைச் சாறு கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தோம். வெளியே எடுத்தபோது சோதனைக்குழாயில் ஊதா போய் மஞ்சள் வந்திருந்தது. எவ்வளவு ஊதா மறைந்ததோ அவ்வளவு ஆற்றல் என்று கணக்கு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அன்றைக்கு நானும் இதுதான் மருந்து என்று நம்பினேன். பிறகுதான் புரிந்தது, அந்தக் குழாயில் வயிறு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை.

நாம் விழுங்கும் பொடியில் பெரிய டானின்கள் அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை. எலாஜிக் அமிலமும் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது. மீதியைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற வேறு பொருள்களாக மாற்றுகின்றன. அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா எல்லார் குடலிலும் ஒரே மாதிரி இல்லாததால் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைக்காது. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை எண்ணாகப் போட்டு அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. உடலுக்குள் நடப்பதை அந்த எண்கள் காட்டவில்லை என்று 2012-ல் அந்தத் துறையே அதை எடுத்துவிட்டது. கூடினால் நல்லதுதானே என்றும் சொல்லிவிட முடியாது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. நல்லது செய்யும் என்று நம்பித்தான் தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டைக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. நாவல்கொட்டை அப்படிச் செய்யும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி ஸ்பூனைக் குவிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுகருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதிகளை நாவல்கொட்டைச் சாறு தடுப்பது சோதனைக்குழாயில் தெரிகிறது. அக்கார்போஸ் என்ற மாத்திரை வேலை செய்வதும் அதே வழியில்தான். அப்படியானால் பொடிக்கு வேலை இருப்பது சாப்பாட்டு நேரத்தில், ஆறரை மணி வெறும் வயிற்றில் அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொட்டைச் சாறு கொடுத்துப் பார்த்து, சுகர் குறைந்ததாக 1998-ல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த எலிகளுக்கு அலாக்ஸான் என்ற ரசாயனம் கொடுத்துக் கணையத்தைக் கெடுத்து சுகர் வரவழைத்திருந்தார்கள். கொடுத்த அளவும் உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. மனிதர்களிடம் பிரேசிலில் ஒரு சோதனை செய்தார்கள். நாவல் இலைத் தேநீரை ஒரு பக்கமும், உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையின் அண்ணன் முறையான கிளிபென்கிளமைடை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை சுகரைக் குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை. அது இலை, இது கொட்டை என்ற வித்தியாசத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் மாத்திரைக்குப் பதிலாகப் பொடி என்று சொல்கிற துணிச்சல் எனக்கு வராததற்கு இதெல்லாம் காரணம்.

சித்த மருத்துவத்தில் நாவல்கொட்டைக்கு மதிப்பான இடம் உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் சித்த மருத்துவர் நாடி பிடித்து, மலம் எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி என்று கேட்டு, ஆவாரை, சிறுகுறிஞ்சான், சீந்தில் என்று துணைச் சரக்கு சேர்த்து, கிராம் கணக்கில் எழுதிக் கொடுப்பார். குவித்த பெரிய ஸ்பூன் அந்த வைத்தியத்தில் கிடையாது. உங்கள் வீட்டுக்காரருக்கு இதில் நம்பிக்கை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. உங்களுக்கு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவ மருத்துவமனை இன்னும் பக்கம். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சுகரை அடியோடு குணமாக்கும் என்று அச்சடித்த டப்பாவை மட்டும் வாங்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மூலிகைப் பொடி என்ற பெயரில் சுகர் மாத்திரையையே அரைத்துக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

இப்போது உங்களைப் பற்றி. நாலு பக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதிகக் கவலை அந்த நாலு வரியில்தான்.

பழைய காலத்தில் கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைப் போட்டு மை காய்ச்சுவார்கள். கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் கன்னங்கறுப்பு. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். பல இரும்புச்சத்து மாத்திரைகளில் இருப்பதும் அதுதான். நாவல்கொட்டையில் இருப்பதும் டானின்தான். தாளிக்கிற இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அரை மணி நேரம் வைத்தால் கறுப்பு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மதியம் மாத்திரையும் பொடியும் ஒன்றாக உள்ளே போனால் வயிற்றுக்குள் இதே சேர்க்கைதான் நடக்கிறது. பிடிபட்ட இரும்பு ரத்தத்துக்குப் போகாமல் வெளியே போய்விடும். சாப்பிட்ட கீரையிலும் பருப்பிலும் இருந்த இரும்புக்கும் இதே கதி.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையான அளவை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். உங்கள் 6.0 அப்படி வந்த எண்ணாகவும் இருக்கலாம். பார்டர் என்று பயந்து பொடி சாப்பிடுகிறீர்கள், பொடி இரும்பைத் தடுக்கிறது, இரும்பு ஏறாததால் அந்த எண் இறங்க மறுக்கிறது. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சுகர் உண்டா இல்லையா என்று தெரிய, வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை பாருங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகு எச்பிஏ1சி மறுபடி எடுக்கலாம்.

அதுவரை பொடி உங்களுக்கு வேண்டாம். மாத்திரையைக் காலை டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். வயிறு புரட்டினால் டிபனுக்குப் பிறகு போடலாம். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்குக் காபி, டீ, பால் கூடாது. இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்; அந்தக் காலைக் காபிக்கு வேறு நேரம் கண்டுபிடியுங்கள். கூடவே, 9.2 வரைக்கும் ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் பெரும்பாலும் மாதவிலக்கில் அதிகம் போவதுதான் காரணமாக இருக்கிறது. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்காரரை டாக்டரிடம் அழைத்துப் போகும் அதே நாளில் உங்களுக்கும் ஒரு டோக்கன் போடுங்கள்.

மாடியில் காயும் கொட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொட்டையில் ஒட்டியிருக்கும் சதை முழுக்கப் போகக் கழுவி, இரண்டு மூன்று நாள் காய்ந்ததும் மேலோடு விரியும். ஓட்டை நீக்கிவிட்டுப் பருப்பை மட்டும் உடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காய வைக்க வேண்டும். கையில் ஒடித்தால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பொடித்துச் சலித்துக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஒரு கிலோவையும் ஒரே நாளில் பொடிக்காதீர்கள்; பொடித்தால் காற்றுப் படும் இடம் கூடும், சரக்கு சீக்கிரம் போகும். வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, பூசண வாடை அடித்தாலோ அந்தக் கொட்டையை வறுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். பூஞ்சை நஞ்சு வறுத்தால் முழுக்கப் போகாது.

லோ சுகர் சமாச்சாரம் சரியாகி, டாக்டரும் சம்மதித்தால், மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூனை மதியச் சாப்பாட்டோடு மோரில் கலந்து அவர் எடுத்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் சுகர் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் பொடியோடு, இரண்டு வாரம் பொடி இல்லாமல், சாப்பாடு அதே அளவு. அந்த நோட்டு உங்கள் நாத்தனாரின் வீடியோவை விடவும் என் பதிலை விடவும் அவர் உடம்பைப் பற்றிச் சரியாகச் சொல்லும். மலச்சிக்கல் வந்தால் உடனே நிறுத்திவிடலாம்.

ஆடி மாதம், ராத்திரி திடீர் திடீரென்று மழை பெய்கிறது. விளக்கு வைப்பதற்குள் கொட்டையை மாடியிலிருந்து உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.